இறந்தவரின் பெயரைச் சொல்லி இன்னும் கொடைக்கு அழைப்பு வருகிறது

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. 2017-இலிருந்து வலைப்பூ எழுதுகிறார். தாமிரபரணிக் கரை, மேற்கு மலையின் அருவிகள், சாஸ்தா கோவில்கள், நம்ம பக்கத்துச் சாப்பாடு, கிராமியக் கலைஞர்கள் என்று இதுவரை 180 கட்டுரைகள். "ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எழுத நேரம் கிடைக்கும் அண்ணாச்சி. எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டாமா? தினம் பதிவு போடாவிட்டால் ஃபேஸ்புக் நம்மை மறந்துவிடும் என்கிறார்கள். அதற்காகத்தான் அந்தக் கருவியைப் போட்டேன்" என்கிறார். இரண்டு வருடமாக ஒரு கட்டணக் கருவி அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் 15 நாளுக்கு ஒரு முறை தானாகப் பகிர்ந்து வருகிறது. ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கு, பக்கம் இரண்டிலும் போகிறது. எக்ஸ் தளத்துக்கும் 40 வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போகிறது.

அப்புறம் பிரச்சினைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019-இல் ஒரு வில்லுப்பாட்டுப் புலவரைப் பேட்டி எடுத்து எழுதியிருக்கிறார். "உங்கள் ஊர்க் கொடைக்கு இவரை அழைக்கலாம்" என்று எண்ணோடு போட்ட பதிவு அது. கொடை என்றால் நம்ம பக்கத்துக் கோவில் திருவிழா. புலவர் 2022-இல் காலமாகிவிட்டார். அந்த எண் இப்போது மகளிடம் இருக்கிறது. பதிவு போகும்போதெல்லாம் யாராவது தேதி கேட்டு அவரை அழைக்கிறார்கள். மகள் ஒரு முறை சொல்லி, இவரும் கட்டுரையைத் திருத்திய பிறகும் அழைப்பு நிற்கவில்லை. போன நவம்பரில், மணிமுத்தாறு அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்த நாளில் "இந்த வாரம் மணிமுத்தாறு போகலாம் வாங்க" என்ற பதிவு போயிருக்கிறது. அதை நம்பி கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் சோதனைச் சாவடியில் திரும்பியிருக்கிறது. போன மாதம் ஃபேஸ்புக் கணக்கும் முடங்கியது. "வீட்டில், 'ஒரே பாட்டையே பாடிக்கொண்டிருக்காதீங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க' என்கிறாள். நிறுத்தினால் படிக்க ஆள் வராது. என்ன செய்ய?" என்பது கேள்வி.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய கட்டுரைப் பட்டியலையும் முழுதாகப் பார்த்தேன். பழைய கட்டுரையை மறுபடி பகிர்வதில் தப்பே கிடையாது. கல்யாணத்துக்குப் பிந்தைய மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் பற்றி 2018-இல் நீங்கள் எழுதியபோது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு இந்த வருடம் கல்யாணம் நடக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது புதுக் கட்டுரைதான். ஒரு முறை போட்ட பதிவு சில மணி நேரத்தில் கீழே போய்விடுகிற இடத்தில், நல்ல எழுத்தைத் திரும்ப மேலே கொண்டுவர வேண்டியது எழுதியவரின் பொறுப்பு. உங்கள் வீட்டம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மகளின் விஷயம். மற்ற எதையும் விட அதுதான் அவசரம்.

திருத்தியது கட்டுரையை, கருவியில் கிடப்பது வேறு

"கட்டுரையில் அவர் மறைவைச் சேர்த்துவிட்டேன், எண்ணையும் எடுத்துவிட்டேன், அப்படியும் ஏன் அழைப்பு வருகிறது என்று புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் எளிது. கட்டுரை உங்கள் தளத்தில் இருக்கிறது. பதிவின் வாசகமும் படமும் கருவியின் வரிசையில் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு இணைப்பு மட்டும்தான். கட்டுரையை நீங்கள் நூறு முறை திருத்தினாலும், "கொடைக்கு அழைக்கலாம், எண் இது" என்ற அந்த நாலு வரி 2019-இல் எழுதியபடியேதான் இருக்கும். பெரும்பாலானவர்கள் கட்டுரையைத் திறப்பதில்லை. பதிவில் எண் தெரிகிறது, அழைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கொடை சீசன் வந்தால் அழைப்பு இன்னும் கூடும்.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் உற்சாகமாக, "புலவர் இருக்காரா? எங்க ஊர்ல சுடலைக்குக் கொடை" என்று கேட்கிறார். அந்த மகள் ஒவ்வொரு முறையும் அப்பா இறந்துவிட்டார் என்று தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 24 தடவை. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. "கருவி செய்தது" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அழைக்கிறவர் உங்கள் பெயரையும் படத்தையும் பார்த்து, உங்களை நம்பித்தான் அழைக்கிறார்.

இன்று ராத்திரியே மூன்று வேலை செய்யுங்கள். கருவியின் வரிசையிலிருந்து அந்தப் பதிவை நீக்குங்கள். ஏற்கெனவே போய்விட்ட பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி அழியுங்கள், ஏனென்றால் அவையும் தேடலில் வரும். வாட்ஸ்அப்பில் போனதை இனி திரும்ப வாங்க முடியாது. அதனால் அந்தக் குழுக்களில், "புலவர் காலமாகிவிட்டார், பழைய பதிவில் உள்ள எண்ணை அழைக்க வேண்டாம்" என்று நீங்களே ஒரு செய்தி போடுங்கள். "பதிவை அழித்தால் தப்பை மறைத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கருத்து தவறிப்போயிருந்தால், பதிவை வைத்துக்கொண்டே திருத்தம் எழுதுவது நேர்மை. இன்னொருவருடைய வீட்டுக்குத் தொல்லை தருகிற பதிவை அழிக்கத்தான் வேண்டும். இனி யாருடைய சொந்த எண்ணையும் திரும்பத் திரும்பப் போகும் பதிவில் வைக்காதீர்கள். கட்டுரைக்குள் வைத்தால் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். அதற்கும் அவரிடம் வருடம் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் நானும் பாடம் படித்தவன். 2016 டிசம்பர் 5 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார். மறுநாள் காலை மாநிலமே கடை அடைத்துக் கிடந்தது. என் பொறுப்பில் இருந்த ஒரு நகைக்கடையின் சமூக ஊடகப் பக்கத்தில், பத்து நாளுக்கு முன்பே நேரம் குறித்து வைத்த "கொண்டாட்டச் சலுகை" பதிவு காலை ஏழு மணிக்குப் போய்விட்டது. நான் அதை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தேன். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஊரில் பெரிய சாவு, வெள்ளம், விபத்து என்று கேட்ட உடனே எல்லாக் கணக்கின் வரிசையையும் நிறுத்திவைத்துவிடுவேன். அநேகமாக எல்லாக் கருவியிலும் மொத்தமாக நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கும். உங்கள் கருவியில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கைப்பேசியிலிருந்தே அதை அமுக்க முடிகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

"அருவிக்குப் போகலாம் வாங்க"

மணிமுத்தாறு விஷயத்தில் நீங்கள் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சாவடியில் தடுத்துவிட்டார்கள், குடும்பத்துக்குப் போனது ஒரு நாளும் வேன் வாடகையும்தான். அந்த அருவியில் குளிக்கலாமா கூடாதா என்பது வனத்துறை நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்வது. காலையில் திறந்து மதியம் மூடுவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு "இந்த வாரம் போகலாம்" என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி வைக்க யாராலும் முடியாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கும் முன்பே, 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. நமக்கே இதெல்லாம் தெரிந்திருக்கும்போது, வெளியூர்க்காரர் நம்மை நம்பி வரும்படி எழுதக் கூடாது.

இதைவிட எனக்குப் பயம் தந்தது உங்கள் பட்டியலில் இருக்கும் இன்னொரு கட்டுரை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கிய படம். "தாமிரபரணியில் பெரு வெள்ளம்" என்று தலைப்பு. அதுவும் 15 நாள் சுழற்சியில் போகிறது! அந்தக் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. பெரு வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்குவது. அதனால் அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கு எடுத்ததா, 2023-இல் எடுத்ததா என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. இணைப்பைப் பகிரும்போது தலைப்பும் படமும் தெரிகிற அளவுக்குக் கட்டுரையின் தேதி யார் கண்ணிலும் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாள் ராத்திரி இது 40 குழுக்களுக்குப் போனால் என்ன ஆகும்? மேலப்பாளையத்திலும் வண்ணார்பேட்டையிலும் வயதானவர்களை வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் அந்த இரவு தூங்குவார்களா?

"போலீஸ் கேஸ் வருமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆவது பிரிவு, பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி உண்டாக்குகிறவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. பழைய செய்தி தானாகப் பகிரப்பட்டதை அதற்குள் கொண்டுவர முடியுமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அங்கே போய் நின்று விளக்கம் சொல்கிற நிலைமையே வேண்டாம் என்பது என் ஆலோசனை. அந்தக் கட்டுரையைச் சுழற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். தலைப்பிலேயே "2023 டிசம்பர்" என்று சேருங்கள். படத்தின் மேலும் தேதியை எழுதிவிடுங்கள், படத்தை மட்டும் யாராவது தனியாக அனுப்பினாலும் தேதி கூடவே போகட்டும்.

கருவிக்குப் பஞ்சாங்கம் தெரியாது

ஒரு முறை எழுதினால் என்றைக்கும் செல்லும் என்று உங்கள் கட்டுரைகளைப் பற்றி நினைக்கிறீர்கள். நம்ம சீமையைப் பற்றிய எழுத்தில் பாதிக்குக் காலம் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் குலதெய்வமான சாஸ்தாவின் கோவிலுக்குப் போகிற ஊர் இது. எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள், தங்கள் சாஸ்தா எந்தக் காட்டில், எந்தக் குளக்கரையில் இருக்கிறார் என்று தேடுவது அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. அந்த நேரத்தில் உங்கள் சாஸ்தா கோவில் கட்டுரைகளைப் பகிர்ந்தால் தேடி வந்து படிப்பார்கள், கை எடுத்துக் கும்பிடுவார்கள். அதையே புரட்டாசியில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கருவி இரண்டையும் ஒரே மாதிரி போடுகிறது.

"அப்படியானால் வருடம் ஒரு முறை என்று தேதி குறித்து வைக்கிறேன்" என்பீர்கள். அங்கேயும் ஒரு சிக்கல். பங்குனி உத்திரம் 2024-இல் மார்ச் 25, 2025-இல் ஏப்ரல் 11. ஆடி அமாவாசை 2024-இல் ஆகஸ்ட் 4, 2025-இல் ஜூலை 24. கருவிக்குத் தெரிந்தது ஆங்கிலத் தேதி மட்டும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூடும் சொரிமுத்து அய்யனார் கோவில் காரையாறு மலைக்காட்டில் இருக்கிறது. அதன் கட்டுரை 2025-இலும் 2024-இன் தேதியிலேயே போயிருந்தால், விழா முடிந்து எல்லோரும் காரையாறிலிருந்து இறங்கின பிறகுதான் போயிருக்கும். அந்தக் கோவிலுக்கு வாகனம் விடுவது, தங்குவது எல்லாம் வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அந்தந்த வருடம் சொல்கிறபடிதான். கட்டுரையில் நீங்கள் எழுதியிருக்கும் பழைய நடைமுறையை நம்பி யாரும் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிடக் கூடாது.

அதனால் தைப் பொங்கல் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வருடப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசை, குலசேகரப்பட்டினம் தசரா, பங்குனி உத்திரம் எல்லாவற்றுக்கும் தேதி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னதாக அந்தக் கட்டுரையைக் குறித்து வையுங்கள். குற்றாலச் சாரல் பற்றியவை ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. கூந்தன்குளம் பறவைகள் பற்றியது, பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கிய பின். அருவிக் கட்டுரைகளை மட்டும் கருவியில் போடவே போடாதீர்கள். அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கையால் போடுங்கள்.

கணக்கு முடங்கியது ஏன்

தினம் போடாவிட்டால் ஃபேஸ்புக் மறந்துவிடும் என்று உங்களிடம் சொன்னது யார் என்று தெரியவில்லை. உங்கள் கணக்கைப் பாருங்கள்: 180 கட்டுரை, 15 நாளுக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 12 பதிவு. வருடத்துக்கு 4,300-க்கு மேல், அதுவும் எழுத்து மாறாமல். உங்கள் வீட்டம்மா "ஒரே பாட்டு" என்று சொன்னது இதைத்தான். தளங்கள் இதற்குக் குப்பைப் பதிவு என்று பெயர் வைத்திருக்கின்றன. ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோதே, 2018 பிப்ரவரியில், ஒரே மாதிரிப் பதிவைத் தானியங்கியாகத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்று எக்ஸ் தளம் விதியை இறுக்கியது.

ஃபேஸ்புக்கில் முடங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2018 ஆகஸ்ட் 1 முதல், வெளிக் கருவி எதுவும் ஒருவருடைய சொந்தக் கணக்கில் தானாகப் பதிவு போட ஃபேஸ்புக் அனுமதிப்பதில்லை. பக்கத்துக்கு அனுமதி உண்டு. உங்கள் கருவியோ சொந்தக் கணக்கிலும் போடுகிறது. எப்படி? உங்கள் கடவுச்சொல்லை நேரடியாக அதில் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது நீங்கள்தான் என்று நடித்து உள்ளே நுழைகிறது. பூட்டு போட்ட வீட்டின் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்த கதைதான் இது. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். எந்தெந்தச் சாதனத்தில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று அமைப்புகளில் பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். அப்புறம் மேல்முறையீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நேரம் குறித்துப் பதிவிட மெட்டா பிசினஸ் சூட் இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் அளவுக்கு அது போதும்.

வாட்ஸ்அப்பும் இதே மாதிரிதான். மொத்தமாகவும் தானியங்கியாகவும் செய்தி அனுப்புவதை அதன் விதிகள் தடுக்கின்றன. எண்ணே தடைபடலாம். அலுவலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம், வங்கி எல்லாவற்றுக்கும் அதே எண்ணைத்தானே வைத்திருக்கிறீர்கள்? 40 குழுவை விட்டுவிட்டு ஒரு வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். விருப்பப்பட்டவர்கள் வருவார்கள். முதலில் 60 பேர்தான் வந்தாலும் பரவாயில்லை, அந்த 60 பேரும் உங்களைப் படிக்க வந்தவர்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலை 6 மணிக்குக் குறித்தது 11.30-க்குப் போகிறது என்றீர்களே, கருவியின் நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இந்திய நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மாதம் மூவாயிரம்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. குற்றாலத்தில் ஒரு விடுதிக்காரர், தன் விடுதி வருகிற கட்டுரையை வெள்ளிக்கிழமைதோறும் பகிர மாதம் 3,000 ரூபாய் தருகிறார். "கட்டுரை எழுதும்போது காசு வாங்கவில்லை, அதனால் விளம்பரம் இல்லை" என்கிறீர்கள். எழுதும்போது வாங்கவில்லை என்பதை நம்புகிறேன். இப்போது பகிர்வதற்கு வாங்குகிறீர்கள், ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறது விளம்பரம்தான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ இலவசத் தங்கலோ பரிசோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைக்கிறவர் அதை வெளிப்படையாக, பார்க்கிறவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது.

பதிவின் முதல் வரியில் "கட்டண விளம்பரம்" என்று போடுங்கள். விடுதிக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பணத்தை விட்டுவிடுங்கள். எட்டு வருடமாக ராத்திரி கண் விழித்துச் சேர்த்த நம்பிக்கையை 3,000 ரூபாய்க்கு விற்க வேண்டாம். அந்த நம்பிக்கையால்தான் கோவில்பட்டிக் குடும்பம் வேன் பிடித்தது.

நிறுத்தவா, வேண்டாமா

மொத்தமாக நிறுத்தலாம். அப்போது நல்ல கட்டுரைகளும் மூலையில் கிடக்கும். பகல் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வருகிற உங்களால் எல்லாவற்றையும் கையால் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இப்போது இருப்பதையே தொடர்வது பற்றிப் பேசவே வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் உழைப்பு கேட்கும்.

உங்கள் பட்டியலை வைத்து நானே பிரித்துப் பார்த்தேன். காலம் போனாலும் மாறாதவை சுமார் 70. சொதி, பத்தமடைப் பாய், நெல்லைப் பேச்சு வழக்கு, ஊர்ப்பெயர்களின் கதை போன்றவை. பருவத்தோடும் விழாவோடும் சேர்ந்தவை 65. மீதி 45 அன்றன்றைய செய்தி, தனி மனிதர்களைப் பற்றியவை, வெள்ளம், தடை, கட்டணம். இந்த 45-ஐயும் சுழற்சியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். மாறாத 70-ஐ வருடத்துக்கு இரண்டு முறை, பருவக் கட்டுரை 65-ஐ அதன் காலத்தில் ஒரு முறை. மொத்தம் 205. வாரத்துக்கு நாலு பதிவு போட்டால் வருடம் முடிந்துவிடுகிறது. நாளுக்கு 12 எங்கே, வாரத்துக்கு நாலு எங்கே! அருவிக் கட்டுரைகளும் இந்த 65-இல்தான் வருகின்றன, அவற்றை மட்டும் முன்பு சொன்னது போல் கையால் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வாசகத்தை மாற்றுங்கள். சொதிக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை, மறுவீட்டுக்கு ஏன் சொதி வைக்கிறார்கள் என்று கேட்டு ஆரம்பிக்கலாம். அடுத்த முறை, திக்கான முதல் பாலை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும், முன்னாலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் எப்படித் திரிந்துபோகும் என்று சொல்லலாம். இன்னொரு முறை இஞ்சிப் பச்சடி. ஒரே கட்டுரைதான், ஆனால் மூன்று வேறு ஆட்கள் மூன்று வேறு காரணத்துக்காக உள்ளே வருவார்கள். 70 கட்டுரைக்கும் இப்படி இரண்டு மூன்று வாசகம் எழுத ஒரு மாதம் ஆகும். எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த வேலைதானே.

கருவியில் எதைப் போட்டாலும் முடிவுத் தேதி போடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கட்டுரையை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் மறுபடி வரிசையில் சேர்க்க வேண்டும். படிக்கும்போது மூன்று கேள்வி: இதில் ஒரு மனிதர் இருக்கிறாரா, அவர் எப்படி இருக்கிறார்? ஒரு இடத்துக்கு வரச் சொல்கிறதா, இப்போது போக முடியுமா? விலை, நேரம், எண் ஏதாவது இருக்கிறதா, மாறியிருக்கிறதா? படங்களையும் அப்போதே பாருங்கள். நண்பர்கள் கட்டுரைக்கென்று தந்த படத்தைப் பதிவுகளிலும் திரும்பத் திரும்பப் போட அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது முறை.

படிக்கிறவர் எண்ணிக்கை முதல் இரண்டு மாதம் குறையும். குறையும்போது மறுபடி 12 பதிவுக்குத் திரும்பத் தோன்றும். அப்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காமல், வந்தவர்கள் எவ்வளவு நேரம் படித்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். பங்குனி உத்திரம் வரைக்கும் பொறுத்திருந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மகளுக்கு போன் செய்யுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், பேசுங்கள். பதிவுகளை எடுத்துவிட்டேன், இனி வராது, இத்தனை நாள் தொல்லை கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அவர் பேசும் மனநிலையில் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். அப்பாவைப் பற்றி எழுதின கட்டுரை நல்ல கட்டுரை, அது மறைந்துபோகக் கூடாது. அதை வருடத்தில் ஒரே ஒரு நாள் பகிரலாம் என்று இருக்கிறேன், எந்த நாள் என்று நீங்கள் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.